‘இன்னும் 2 மட்டுமே’ என்று எழுதுவதற்கு முன்: இணையக் கடை தொடங்குவோருக்கான வழிகாட்டி

இணையத்தில் கடை தொடங்கும் எவருக்கும் முதல் மாதத்திலேயே ஓர் யோசனை கேட்காமலே கிடைத்துவிடும். ‘ஸ்டாக் தீரப்போகிறது என்று போடுங்கள், கடிகாரம் ஓடவிடுங்கள், உடனே விற்கும்’ என்பதுதான் அது. கடைப் பக்கத்தை வடிவமைத்துத் தருபவர், விளம்பரம் பார்த்துக்கொள்பவர், யூடியூப் பாடம் எடுப்பவர் என எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை, விற்கத்தான் செய்கிறது. ஆனால் அதே வாடிக்கையாளரிடம் எத்தனை முறை விற்கும், விற்றதில் எவ்வளவு திரும்பி வரும், சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்பவற்றை யோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி அந்த விடுபட்ட பகுதிக்காக எழுதப்பட்டது. சேலை, அரிசி, கருப்பட்டி, மசாலாப் பொடி, கைவினைப் பொருள் போன்றவற்றைச் சொந்தத் தளத்திலோ இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாகவோ விற்கத் தொடங்கும் சிறு வியாபாரிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கையிருப்பு அறிவிப்பை விளம்பர வாசகமாக நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. அது கணக்கேட்டிலிருந்து வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டப்படும் ஒரு வரி. ஏட்டில் இல்லாததை வாசிக்கக் கூடாது. ஏட்டில் இருப்பதையும் நாள்தோறும் வாசித்துக்கொண்டே இருக்கக் கூடாது.

இந்த உத்தி எதைச் செய்யும், எதைச் செய்யாது

1975-இல் ஸ்டீஃபன் வொர்ச்செல், ஜெர்ரி லீ, அகன்பி அடெவோலே ஆகிய மூவரும் ஓர் எளிய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே வகைப் பிஸ்கட்டைச் சிலருக்கு 10 பிஸ்கட் இருந்த ஜாடியிலும், வேறு சிலருக்கு 2 மட்டுமே இருந்த ஜாடியிலும் வைத்துக் கொடுத்தார்கள். 2 இருந்த ஜாடியைப் பெற்றவர்கள் அந்தப் பிஸ்கட்டைக் கூடுதலாக விரும்பினார்கள்; அதன் விலையும் அதிகமாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். முதலில் நிறைய இருந்து பிறகு குறைந்தபோது விருப்பம் இன்னும் கூடியது. மற்றவர்கள் கேட்டதால் குறைந்தது என்று தெரிந்தபோது அதற்கும் மேலே போனது. இவ்வளவுக்கும் பிறகு, பிஸ்கட்டின் சுவை கூடியிருந்ததாக மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

புதிதாகக் கடை தொடங்குபவர் இந்தக் கடைசிச் செய்தியை நன்றாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டுப்பாடு ஆசையைத்தான் கூட்டுகிறது, பொருளைச் சிறப்பாக்குவதில்லை. நாலு நாள் கழித்து வாடிக்கையாளர் வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கடிகாரமும் இல்லை, ‘முந்துங்கள்’ என்ற சிவப்பு எழுத்தும் இல்லை. கையில் இருப்பது துணியும் அதன் சாயமும் நெசவும் மட்டுமே. அவசரத்தில் பார்க்கத் தவறிய நீளம், நிறம், துவைக்கும் முறை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தன் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமையை யாரோ பறிக்கிறார்கள் என்று தோன்றும்போது மனிதர் அதை எதிர்த்து நிற்க முற்படுவார் என்று ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-இல் விளக்கினார். ஒரு முறை சொன்னால் ‘அப்படியா’ என்று விசாரிப்பவர், பத்தாவது முறை சொல்லும்போது ‘இவர்களுக்கு வேறு வேலையில்லை’ என்று நகர்ந்துவிடுகிறார். ஆடி மாதம் முடிந்த பிறகும் ‘வாடிக்கையாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்க’ நீண்டுகொண்டே போகும் ஆடித் தள்ளுபடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘இன்றே கடைசி’ என்ற பதாகை அடுத்த வாரமும் அதே இடத்தில் தொங்கினால், தெருவில் போகிறவர் அதைப் படிப்பதையே விட்டுவிடுகிறார்.

முதல் படி: உங்கள் பொருளில் உண்மையான தட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, நீங்கள் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நேராக ‘இது ஏன் தீரும், தீர்ந்தால் மறுபடி எப்போது வரும்’ என்று எழுதுங்கள். இரண்டு கேள்விகளுக்கும் நேரான விடை இருந்தால்தான் அந்தப் பொருளுக்குத் தட்டுப்பாட்டு அறிவிப்பு பொருந்தும்.

கைத்தறிச் சேலைக்கு விடை எளிது. தறியில் ஒரு தடவை ஏற்றும் நீளவாக்கு நூலான பாவு ஒன்றில் இத்தனை சேலைதான் இறங்கும். அந்தப் பாவு முடிந்தால் அதே நிறச் சேர்க்கையில் அடுத்த பாவு பூட்டும்வரை கிடையாது, சில நேரம் பூட்டப்படாமலே போகலாம். மாப்பிள்ளைச் சம்பா போன்ற நீண்ட கால நெல் ஆண்டுக்கு ஒரு போகம்தான். விவசாயியிடம் வாங்கி வைத்த மூட்டைகள் தீர்ந்தால் அடுத்த அறுவடைவரை காத்திருக்க வேண்டும். மாம்பழத்துக்கும் பதநீர் காய்ச்சிய புதுக் கருப்பட்டிக்கும் பருவம் இருக்கிறது. இவை எல்லாம் ஊரறிந்த தட்டுப்பாடுகள். சொன்னால் நம்புவார்கள், சொல்லாவிட்டால்தான் பிறகு வருத்தப்படுவார்கள்.

ஆலையில் தைத்து வரும் டி-ஷர்ட்டுக்கும், மொத்த வியாபாரியிடம் போன் செய்தால் மறுநாள் வந்திறங்கும் செல்போன் உறைக்கும் விடை என்ன? ‘தீராது’ என்பதுதான். அப்படியானால் அந்தப் பொருள்களுக்கு இந்த உத்தியைத் தொடவே வேண்டாம். விலை, தரம், விரைவான டெலிவரி, நல்ல புகைப்படம் ஆகியவற்றில் உழைப்பைப் போடுங்கள்.

நேரக் கட்டுப்பாடும் இதே போலத்தான். ‘தீபாவளிக்கு முன் கையில் கிடைக்க வேண்டுமானால் இந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்யுங்கள்’ என்பது கூரியர் நிறுவனத்தின் வேலைநாள்களை எண்ணிச் சொல்லும் உண்மையான கெடு. அதை உரக்கவே சொல்லலாம்; சொல்லாமல் விட்டால்தான் பிழை.

இரண்டாம் படி: கையிருப்புக் கணக்கை நேராக்குங்கள்

‘இன்னும் 2 மட்டுமே’ என்ற வரி பொய்யாவதற்கு வியாபாரி பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. கணக்கு சரியாக இல்லாவிட்டாலே போதும். சிறு கடைகளில் இதுதான் அதிகம் நடக்கிறது. தளத்தில் ஒரு எண், வாட்ஸ்அப்பில் ‘எடுத்து வையுங்கள் அக்கா’ என்று சொன்னவர்களுக்காக ஒதுக்கியது ஒரு எண், நேரில் வந்து வாங்கிப் போனது இன்னொரு எண். மூன்றும் ஒரே இடத்தில் சேராதவரை திரையில் காட்டும் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. எங்கே விற்றாலும் அதே நிமிடம் ஒரே ஏட்டில், அது கூகுள் ஷீட்டாக இருந்தாலும் பரவாயில்லை, கழிக்கும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் ஒதுக்கி வைப்பதற்கும் ஒரு கால வரம்பு வேண்டும்; பணம் வராமல் இரண்டு நாள் ஒதுக்கி வைத்த சேலை உங்கள் ஏட்டில் இல்லை, அலமாரியில் இருக்கிறது என்றால் அது வெளியே சொல்லும் எண்ணைக் கெடுத்துவிடும்.

தளம் வூகாமர்ஸ் என்ற இணையக்கடை மென்பொருளில் இருந்தால் சரக்கு இருப்பு அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். கையிருப்பை எப்படிக் காட்டுவது என்பதற்கு மூன்று தேர்வுகள் இருக்கும்: எப்போதும் எண்ணைக் காட்டுவது, குறைந்த பிறகு மட்டும் காட்டுவது, காட்டவே வேண்டாம் என்பது. ‘குறைந்தது’ என்பதற்கான வரம்பு, நீங்கள் மாற்றாதவரை, 2 என்றிருக்கும். பணம் கட்டாமல் பாதியில் நிற்கும் ஆர்டருக்காகச் சரக்கைப் பிடித்து வைக்கும் நேரம் 60 நிமிடம் என்றிருக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டாவது தேர்வை வையுங்கள், வரம்பை 2 அல்லது 3-க்கு மேல் ஏற்றாதீர்கள். வரம்பை 20 என்று வைத்துவிட்டால் கடையில் உள்ள முக்கால்வாசிப் பொருளுக்கு மேலே ‘குறைவாகவே உள்ளது’ என்று எழுதியிருக்கும். எல்லாமே குறைவு என்றால் எதுவுமே குறைவில்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கணினியில் உண்மையான எண்ணைப் படிக்காமல், தானாக ஒரு எண்ணை உருவாக்கிக் காட்டும் ப்ளகின்களும், அதாவது தளத்தோடு இணைக்கும் துணை மென்பொருள்களும், சந்தையில் உண்டு. ‘இப்போது 37 பேர் இதைப் பார்க்கிறார்கள்’ என்று எழுதி, சில நொடிக்கு ஒருமுறை எண்ணைக் கூட்டிக் குறைத்துக் காட்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஏறத்தாழ 11,000 இணையக் கடைகளைக் கணினி நிரல் கொண்டு ஆராய்ந்தபோது, இப்படித் தற்போக்காக எண்களை உருவாக்கும் நிரல்வரிகள் கடைப் பக்கங்களிலேயே கிடைத்தன. பக்கத்தின் மூல நிரலை எந்த உலாவியிலும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். கணினி படித்த ஒரே ஒரு கல்லூரி மாணவர் உங்கள் வாடிக்கையாளராக இருந்தால் போதும். திரைப்பிடிப்பு இன்ஸ்டாகிராமில் சுற்றத் தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: எண்ணோடு காரணத்தையும் பிறகு நடக்கப்போவதையும் எழுதுங்கள்

ஒரு சேலைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: ‘முந்துங்கள்! மிகக் குறைந்த ஸ்டாக்! இந்த வாய்ப்பு மீண்டும் வராது!’ இதில் எத்தனை சேலை இருக்கிறது என்ற தகவல் இல்லை, ஏன் குறைவு என்ற தகவல் இல்லை, மீண்டும் வராது என்பது மட்டும் உறுதியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் அதே சேலை மறுபடி ஏறினால், முதலில் அவசரப்பட்டு வாங்கியவர்தான் அதை முதலில் கவனிப்பார்.

அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘இந்தப் பாவில் 8 சேலைகள் நெய்யப்பட்டன, 5 விற்றுவிட்டன, 3 உள்ளன. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த அடுத்த பாவு தறியில் ஏற்றப்பட்டிருக்கிறது. சுமார் ஆறு வாரத்தில் வரும். அதில் கரை சற்று அகலமாக இருக்கும். தகவல் வேண்டுவோர் எண்ணைப் பதிந்து வைக்கலாம்.’ இதைப் படிப்பவருக்கு அவசரமும் தெரிகிறது, காத்திருந்தாலும் கதவு மூடாது என்பதும் தெரிகிறது. இன்று வாங்குபவர் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறார். காத்திருப்பவர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த பாவுக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கு நெசவாளரிடம் பேசும்போது உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் பதிவுப் பட்டியல் எந்தக் கடிகாரத்தை விடவும் பயனுள்ளது என்று நினைக்கிறேன். முன்பணத்தோடு வரும் ஆர்டராக அதை மாற்றவும் முடியும்.

எழுதும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் போன் செய்து ‘உண்மையிலேயே 3-தான் இருக்கிறதா, அடுத்து எப்போது வரும்’ என்று கேட்டால், திரையில் எழுதியதையே நீங்கள் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். தயக்கம் வந்தால் வரியைத் திருத்துங்கள்.

‘மற்றவர்கள் பார்க்கிறார்கள்’ என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உண்மையான எண்ணாக இருந்தாலும் அது தவறான பொருள் தரலாம். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் ஹோட்டல் முன்பதிவுத் தளங்களை விசாரித்தபோது எழுந்த சிக்கல்களில் ஒன்று இதுதான்: ஒரு ஹோட்டலைப் பலர் பார்க்கிறார்கள் என்று காட்டினார்கள், ஆனால் அவர்கள் வேறு தேதிகளுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அறை ஏற்கெனவே விற்றுப்போன ஹோட்டல்களைத் தேடல் முடிவுகளுக்கு நடுவே காட்டி, பார்ப்பவரைப் பதற வைப்பதும் இருந்தது. எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம், அகோடா உள்ளிட்ட ஆறு தளங்கள் இந்த வழக்கங்களை மாற்றிக்கொள்வதாக ஒப்புக்கொண்டதை 2019 பிப்ரவரியில் அந்த ஆணையம் அறிவித்தது. விற்றுப்போன சேலைகளைப் பக்கத்தின் முதல் வரிசையில் ‘சோல்ட் அவுட்’ முத்திரையோடு நிறுத்தி வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். விற்றவற்றைத் தனிப் பக்கத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

நான்காம் படி: கடிகாரம் வைத்தால் அது நிற்க வேண்டும்

கவுண்ட்டவுன் டைமர் இரு வகை. ஒன்று, குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணிக்கு எல்லோருக்கும் ஒன்றாக முடிவது. மற்றொன்று, ஒவ்வொருவரும் பக்கத்தைத் திறக்கும் நொடியில் அவருக்கென்று 15 நிமிடமோ 1 மணி நேரமோ ஓடத் தொடங்குவது. இரண்டாவது வகையில், தளம் உலாவியில் விட்டுவைக்கும் குக்கி என்ற சிறு பதிவை அழித்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தாலே புதிதாக 15 நிமிடம் கிடைத்துவிடும். வீட்டில் அம்மா ஒரு போனிலும் மகள் ஒரு போனிலும் அதே பக்கத்தைப் பார்த்தால் இருவருக்கும் வேறு வேறு நேரம் காட்டும். அதை வைக்கவே வைக்காதீர்கள்.

முதல் வகையை வைப்பதானால் நான்கு விஷயங்களை உறுதிசெய்யுங்கள். முடியும் நாளையும் மணியையும் எழுத்திலும் போடுங்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் வாங்கும் கடையானால் இந்திய நேரம் என்று குறிப்பிடுங்கள். நேரம் முடிந்ததும் விலை தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்படி தளத்தில் அமைத்துவிடுங்கள். இரவு 12 மணிக்கு எழுந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால் மறந்துபோகும். சலுகை தொடங்குவதற்கு முன் அதே பொருள் எந்த விலைக்கு உண்மையில் விற்றதோ அதையே கோடிட்டு அடித்த பழைய விலையாகக் காட்டுங்கள்.

முடிந்த பிறகும் அதே விலையில் விற்கும் கடிகாரம் எவ்வளவு பரவலானது என்பதற்கு ஐரோப்பிய ஆணையம் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு ஒரு சான்று: உறுப்பு நாடுகளின் நுகர்வோர் அமைப்புகள் பார்த்த 399 இணையக் கடைகளில் 42 கடைகள் பொய்க் கடிகாரம் வைத்திருந்தன. நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் 2024 மே மாதம் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கு 11 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. கடிகாரம் முடிந்த பிறகும் சில பொருள்கள் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது அதற்கான காரணங்களில் ஒன்று. வாங்குபவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதால் அந்த ஆணையம் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. அது சரியான பார்வை என்றே நான் கருதுகிறேன்.

சலுகையை நீட்டிக்க வேண்டிய நிலை உண்மையிலேயே வரலாம். மழையால் கூரியர் ஓடவில்லை, பணம் செலுத்தும் வசதி ஒரு மாலை முழுவதும் வேலை செய்யவில்லை என்பன போன்றவை. அப்போது காரணத்தைச் சொல்லி ஒரே ஒருமுறை நீட்டியுங்கள். காரணமில்லாத நீட்டிப்பு, கெடுவுக்குள் வாங்கியவரைத் தண்டிப்பதாகும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது

இதைப் படி என்று எண்ணாமல் தனியே வைக்கிறேன். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன் எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை அறிவிக்கையாக வெளியிட்டது. அதன் இணைப்பில் 13 வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. முதலாவதாக வருவது பொய்யான அவசரம். உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதாகக் காட்டுவதும், ஒரு பொருளுக்கு இல்லாத வரவேற்பை இருப்பதாகக் காட்டுவதும் அதில் அடங்கும். ‘இன்னும் 2 அறைகள் மட்டுமே, 30 பேர் இப்போது பார்க்கிறார்கள்’ என்பது போன்ற வாசகமே அங்கு எடுத்துக்காட்டாகத் தரப்பட்டிருக்கிறது. பெரிய தளங்களுக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். தளங்கள், விளம்பரதாரர்கள், விற்பனையாளர்கள் ஆகிய மூவருக்கும் அது பொருந்தும்.

தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம்வரை போகலாம். 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டுதல்கள் இன்னொன்றையும் சொல்கின்றன: குறைந்த விலையைக் காட்டி ஆளை இழுத்துவிட்டு, எதிர்பார்க்கக்கூடிய தேவைக்குச் சரக்கு இல்லாமல் கைவிரிக்கக் கூடாது, சரக்கு குறைவென்றால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆக, உண்மையான தட்டுப்பாட்டைச் சொல்வது அனுமதிக்கப்பட்டது என்பதோடு, சில நேரம் கடமையும்கூட. வாங்குபவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்ல முடியும்.

ஐந்தாம் படி: எத்தனை முறை என்பதை நாள்காட்டியில் முன்பே குறியுங்கள்

விற்பனை குறையும் வாரத்தில் எடுக்கும் முடிவுதான் ஆபத்தானது. அந்த வாரம் ‘கடைசி வாய்ப்பு’ என்று ஒரு பிராட்காஸ்ட் அனுப்பத் தோன்றும், சற்று விற்கும், அடுத்த வாரமும் தோன்றும். அதனால் ஆண்டின் தொடக்கத்திலேயே உட்கார்ந்து, பொங்கல், ஆடி, தீபாவளி, உங்கள் பொருளின் அறுவடை அல்லது புது வரவு என்று இயல்பான நாள்களை மட்டும் குறித்துவிடுங்கள். அதற்கு வெளியே கெடு வைத்த சலுகை கிடையாது என்று உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மிகைப்பயன்பாடு இன்னொரு பழக்கத்தையும் வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. மாதத்துக்கு இரண்டு முறை ‘இன்று இரவுவரை மட்டும்’ என்று தள்ளுபடி தந்தால், முழு விலையில் யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்த ‘இன்று இரவு’க்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பை நீங்கள்தான் உருவாக்கினீர்கள். அதிலிருந்து மீளச் சில மாதங்கள் விற்பனை குறைந்தே ஓடும்.

வாட்ஸ்அப் வணிகத் தளத்தின் வழியாகச் செய்தி அனுப்புபவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். பெறுபவர்கள் உங்கள் எண்ணை எவ்வளவு முடக்குகிறார்கள், புகார் செய்கிறார்கள் என்பதைக் கொண்டு அந்த எண்ணுக்குத் தர மதிப்பீடு தரப்படுகிறது; அது சரிந்தால் செய்தி அனுப்பும் வசதியே பாதிக்கப்படலாம். தீபாவளிச் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டிய வாரத்தில் அந்த வழி அடைபட்டால் இழப்பு மிகப் பெரிது.

ஆறாம் படி: ஆர்டர் எண்ணிக்கையைப் பார்க்காமல் கையில் நின்றதைப் பாருங்கள்

அவசர விளம்பரத்தின் வெற்றியை அன்றைய ஆர்டர் எண்ணிக்கையில் அளந்தால் அது எப்போதும் வெற்றியாகவே தெரியும். கேஷ் ஆன் டெலிவரி பரவலாக உள்ள நம் சந்தையில் அது பெரிய மயக்கம். அவசரத்தில் ஆர்டர் போட்டவர், கூரியர் வாசலில் நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவதில்லை. பணம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. ஆர்டிஓ என்று கூரியர்காரர்கள் சொல்லும் அந்தத் திரும்பல் ஒவ்வொன்றுக்கும் போகும் செலவு, வரும் செலவு இரண்டும் உங்களுடையது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சேலையில், கூரியரும் பேக்கிங்கும் போக, 150 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரியர் போக 80, திரும்பி வர 80, பேக்கிங் 20 என்றால், திருப்பப்படும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 180 ரூபாய் இழப்பு. அவசரமில்லாத வாரத்தில் 100 ஆர்டர் வந்து 10 திரும்பினால், 90 சேலைக்கு 13,500 வரவு, 1,800 இழப்பு, நிற்பது 11,700. கடிகாரம் ஓடிய வாரத்தில் 125 ஆர்டர் வந்து 35 திரும்பினால், வரவு அதே 13,500, இழப்பு 6,300; நிற்பது 7,200. ஆர்டர் 25 கூடியிருக்கிறது, கையில் நின்றது 4,500 குறைந்திருக்கிறது. திரும்பி வந்த 35 சேலைகளைப் பிரித்து, மடித்து, மறுபடி படம் சரிபார்த்து ஏற்றும் உழைப்பும், அவை பயணத்தில் இருந்த இரண்டு வாரமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அந்த இரண்டு வாரமும் உண்மையான வாங்குநர்களுக்கு உங்கள் தளம் ‘ஸ்டாக் இல்லை’ என்று காட்டியிருக்கும்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். அதனால்தான் நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் எதிரே, அது அவசரச் சலுகையின்போது வந்ததா, சாதாரண நாளில் வந்ததா என்று ஒரு குறி போடுங்கள். மூன்று மாதம் கழித்து இரு வகையிலும் திரும்பியவை எத்தனை, நிறமோ அளவோ எதிர்பார்த்தபடி இல்லை என்று புகார் செய்தவர் எத்தனை, இரண்டாம் முறை வாங்க வந்தவர் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டாம் முறை வாங்க வருபவர்களின் எண்ணிக்கையே சிறு கடையின் உயிர். விளம்பரத்துக்குப் பணம் கட்டாமல் கிடைக்கும் விற்பனை அவர்களிடமிருந்துதான் வருகிறது.

ஏழாம் படி: ஏற்கெனவே மிகைப்படுத்திவிட்டால்

கடையை வேறொருவர் அமைத்துக் கொடுத்து, அதில் இந்த ப்ளகின்கள் எல்லாம் முன்பே ஓடிக்கொண்டிருக்கலாம். முதல் வேலையாக, தற்போக்கு எண் காட்டுபவற்றையும் ஆளுக்கொரு கடிகாரம் ஓட்டுபவற்றையும் இன்றே நீக்கிவிடுங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டியவை அல்ல அவை. பொய் என்று தெரிந்த பின் ஒரு நாளும் ஓடக் கூடாது.

நீக்கிய பிறகு அடுத்த சில வாரங்கள் ஆர்டர் குறையக்கூடும். அந்த வாரங்களில் பதறிப்போய்ப் பழையதைத் திரும்பக் கொண்டுவராமல் இருப்பதுதான் கடினமான பகுதி. அந்த இடைவெளியில் பொருள் பக்கங்களைச் சரிசெய்யுங்கள்: பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், சேலையின் நீளம், பிளவுஸ் துணி உண்டா இல்லையா, எத்தனை துவைப்புக்கு எப்படி இருக்கும், பிடிக்காவிட்டால் மாற்றித்தருவீர்களா, அதற்குக் கூரியர் செலவு யாருடையது என்ற விவரங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவரின் தயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் இந்த விவரங்களின் குறைபாடுதான். அவசரப்படுத்துவதால் அந்தத் தயக்கம் தீராது, வாசல்வரை தள்ளிப்போடப்படும்.

கெடு முடிந்த பின் அதே விலையில் யாருக்காவது விற்றிருந்தால், கெடுவை நம்பி அவசரமாக வாங்கியவர் கேட்கும்போது மழுப்ப வேண்டாம். நடந்ததை ஒப்புக்கொண்டு, மாற்றவோ திருப்பவோ விரும்பினால் செய்து கொடுங்கள். அடுத்த முறை உண்மையிலேயே 3 சேலைதான் இருக்கும்போது அந்த வரியை நம்பப் போகிறவர்களில் அவரும் ஒருவராக இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு தட்டுப்பாட்டு அறிவிப்புக்கும் ஒரு சிறு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வெளியான நாள், அன்றைய உண்மையான கையிருப்பு, எழுதிய வாசகத்தின் திரைப்பிடிப்பு, கெடு இருந்தால் அது முடிந்த மறுநாள் காலை விலைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, அதே பொருள் மறுபடி வந்த நாள் ஆகிய ஐந்தும் போதும். வாடிக்கையாளர் கேட்டாலும், விற்பனைத் தளம் விளக்கம் கேட்டாலும், நுகர்வோர் உதவி மையத்திலிருந்து கடிதம் வந்தாலும் எடுத்துக் காட்ட அது உதவும். கடையில் உதவிக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்தால், இந்தப் பதிவேட்டை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அறிவிப்பு எழுத விடுங்கள்.